கடைசியாய் வந்த படகு



2017ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் மும்பை மெரின் டிரைவ் கடலில் மூன்று நாட்கள் மோட்டார் படகுப் பந்தயம் நடைபெற்றது. உங்களில் சிலர் அதைப் பார்த்திருக்கக்கூடும். நானும் ஒரு மாலையில் மாஹிமில் ரயிலேறிச் சர்ச்கேட்டில் இறங்கி, ஜனத்திரளோடு கடற்சுவர் ஓரமாய் நின்று பார்த்தேன். 28 அடி நீளப் படகுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் 250 குதிரைத்திறன் உள்ள இயந்திரம். உள்ளே ஓட்டுபவர் ஒருவர், வழி சொல்பவர் ஒருவர். அவை தண்ணீரைத் தொட்டுப் போகின்றனவா, தொடாமலே போகின்றனவா என்று கண்ணால் பிரித்தறிய முடியவில்லை.

என் அருகில் எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் சுவரின்மேல் நின்றுகொண்டிருந்தான். தகப்பன் அவன் இடுப்பைப் பிடித்திருந்தார். திருநெல்வேலிப் பேச்சு. "அப்பா, இதுல நாம சேரணும்னா எங்க போயிக் கேக்கணும்?" என்றான் பையன். தகப்பன் சிரித்தார். "இதெல்லாம் பாக்கத்தாம்ல, சேர இல்ல" என்றார். சுற்றி நின்ற நாங்களும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பையனின் கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது. அதை நான் ஆறு ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் ஓர் ஏரிக்கரையில், என் சொந்தப் பேத்தியிடமிருந்து கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட விதம் எனக்கு அவ்வளவு பெருமையானது அல்ல. ஆயினும் பிள்ளைகளை வளர்க்கிற உங்களுக்கு அது பயன்படும் என்று எண்ணியே இதை எழுதத் துணிந்தேன்.

மருமகன் கேட்ட ஒரு வார்த்தை

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நானும் என் மனைவியும் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள எங்கள் மகளின் வீட்டிற்குப் பிரயாணமானோம். மருமகன் அங்கே இயந்திரப் பொறியாளர். அது ஏரிகள் நிறைந்த பகுதி. குளிர்காலம் முழுவதும் உறைந்து கிடந்த ஏரிகளில் பனிக்கட்டி உருகித் தண்ணீர் அலையடிக்கத் தொடங்கிய நாட்கள் அவை.

பேத்திக்கு அப்போது பத்து வயது. பள்ளியிலிருந்து வந்ததும் புத்தகப் பையை எறிந்துவிட்டு எதிர்வீட்டுக் கார்க் கொட்டகைக்கு ஓடிவிடுவாள். அங்கே எழுபதைக் கடந்த ஒரு முதியவர் இருந்தார். கடைசல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கொட்டகையில் ஏறத்தாழப் பத்தடி நீளமுள்ள ஒரு சிறிய மரப்படகு, மரக்கட்டைகளின்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. படகில் இருக்கை இல்லை. "எப்படி உட்கார்ந்து ஓட்டுவது?" என்று கேட்டேன். "உட்காருவதில்லை தாத்தா, முழங்காற்படியிட்டுத்தான் ஓட்ட வேண்டும்" என்றாள் பேத்தி. முழங்காலில் நின்று செய்யும் காரியம் என்றதும் எனக்கே சற்று மரியாதை பிறந்தது.

அது பந்தயப் படகு. வாலிபத்தில் அந்த முதியவர் ஓட்டினார். பிறகு அவர் பிள்ளைகள் ஓட்டினார்கள். பிள்ளைகள் தூர தேசங்களுக்குப் போய்விட்டார்கள். அந்தக் கோடையில் என் பேத்தியை ஓட்டவைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். பேத்தியோ அதைத் தவிர வேறொன்றையும் பேசவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் இரவு மருமகன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "மாமா, நான் சொன்னால் அழுகிறாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிடுங்கள்" என்றார். "சரி மாப்பிள்ளை, நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றேன். வேண்டாம் என்று சொல்வது எனக்குக் கடினமான காரியம் அல்ல. முப்பது ஆண்டுகளாக அநேக வீடுகளில் அநேகப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன்.

மகள் பாத்திரம் கழுவிக்கொண்டே அதைக் கேட்டிருக்கிறாள். அப்போது அவள் ஒன்றும் பேசவில்லை. எல்லாரும் படுக்கப் போன பின்பு வந்து என் எதிரில் அமர்ந்தாள். "அப்பா, எனக்குச் சொன்னதைப் போலவே அவளுக்கும் சொல்லப்போகிறீர்களா?" என்று மாத்திரம் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

பயத்துக்கு உடுத்திய ஆடை

என் மகளுக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது, மும்பையில் அவள் படித்த பள்ளியின் நீச்சல் அணிக்கு அவளைத் தெரிந்துகொண்டார்கள். நால்வர் மாறி மாறி நீந்தும் போட்டியில் அவள் மூன்றாவது ஆள். கையொப்பத்துக்காக ஒரு தாளைக் கொண்டுவந்தாள். நான் போடவில்லை. பெண்பிள்ளைக்கு அந்த உடை தகாது என்றேன். மாலை நேரம் வீணாகும் என்றேன். போட்டி என்றாலே பெருமை வந்துவிடும் என்றேன். மேடையில் பேசிப் பழகியவனுக்குக் காரணங்கள் குறைவுபடுவதில்லை. அவள் அந்தத் தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

உண்மையான காரணம் வேறு. நான் பிறந்தது கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊர். என் தகப்பனார் கட்டுமரத்தில் தொழில் செய்தவர். 1980களின் தொடக்கத்தில் எங்கள் பகுதிக் கடற்கரைகளில் வள்ளங்களின் பின்புறத்தில் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்கள் வரத் தொடங்கின. முதலில் கரை சேருகிற மீனுக்கு நல்ல விலை என்பதால், இன்ஜின் வைத்தவர்கள் அந்திநேரத்தில் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு கரைக்கு வருவார்கள். பந்தயம் என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனாலும் கரையில் நின்ற எங்களுக்கு அது பந்தயம்தான். எனக்குப் பதினாறு வயது. ஒரே ஒருமுறை அந்தச் சுக்கான்பிடியைக் கையில் பிடித்துவிட வேண்டும் என்பது என் ஏக்கம். தகப்பனார் விடவில்லை. "கடலு எங்களோட போகட்டும், நீ படி" என்றார். அந்த வருஷந்தான் அவருடைய தம்பி, என் சித்தப்பா, கடலுக்குப் போய்த் திரும்பி வராதிருந்தார்.

நான் படித்தேன், ஊரை விட்டு மும்பைக்கு வந்தேன். கடல் என் பின்னால் நின்றுபோயிற்று. அதைப் பற்றிய பயமோ என் கூடவே வந்தது. அந்தப் பயத்துக்கு ஒழுங்கு என்னும் ஆடையை உடுத்தி, அதையே என் மகளுக்குக் காட்டினேன். என் தகப்பனாராவது, தமக்குப் பயமாயிருக்கிறது என்பதை மறைக்கவில்லை.

மறுநாள் காலையில் மருமகனிடம், "மாப்பிள்ளை, பார்க்காமல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். முதலில் விசாரிப்போம்" என்றேன். அவர் முகம் வாடிற்று.

ஓர் ஏழைக் குடியேறியின் மோட்டார்

விசாரிக்க நாங்கள் போன முதல் இடம் எதிர்வீட்டுக் கொட்டகை. அந்த முதியவர் படகைப் பற்றிச் சொல்லுமுன் மோட்டாரைப் பற்றியே சொன்னார். அந்தச் சனிக்கிழமையே எங்களை ஒகாச்சி என்னும் ஏரிக்கு அழைத்துப் போனார். மில்வாக்கி நகருக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

ஓலே எவின்ருட் என்பவர் 1877இல் நார்வே தேசத்தில் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோருடன் விஸ்கான்சினுக்குப் பிழைக்க வந்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. இயந்திரப் பட்டறைகளில் கைத்தொழில் கற்றார். 1906ஆம் ஆண்டு கோடைக்காலத்தில், தாம் மணக்கவிருந்த பெஸ் என்னும் பெண்ணோடும் நண்பர்களோடும் அந்த ஏரித் தீவொன்றுக்கு உல்லாசமாய்ப் போயிருந்தார். ஐஸ்கிரீம் வேண்டும் என்றாள் பெஸ். அவர் துடுப்புப் போட்டுக் கரைக்குப் போய் வாங்கிக்கொண்டு, வெயிலில் திரும்பத் துடுப்புப் போட்டு வருவதற்குள் அது உருகிப்போயிற்று. அந்த வியர்வையிலேதான் படகின் பின்பலகையில் மாட்டும் மோட்டாரைப் பற்றிய எண்ணம் அவருக்குப் பிறந்தது என்று அங்கே வழிவழியாய்ச் சொல்லுகிறார்கள்.

அத்தகைய மோட்டாரைச் செய்தவர்களில் அவர் முதல்வர் அல்லர். ஆனால் சாதாரண ஜனங்கள் வாங்கி நம்பிப் பயன்படுத்தும்படி செய்தவர் அவரே. 1909இல் விற்பனைக்கு வந்த அவருடைய மோட்டாரின் எடை 62 பவுண்டு. திறன் ஒன்றரைக் குதிரைத்திறன். வியாபாரக் கணக்கையும் விளம்பரத்தையும் பெஸ் கவனித்துக்கொண்டார். அவர் பெயர் தாங்கிய மோட்டார்கள் 2020ஆம் ஆண்டு வரை உற்பத்தியாயின. நம்மூர்க் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் மாட்டிய இன்ஜின்களும் அதே வம்சந்தான் என்று எண்ணியபோது, அந்நிய தேசத்து ஏரி எனக்குச் சற்று நெருங்கி வந்தது போலிருந்தது.

மோட்டார் இலேசாயும் மலிவாயும் ஆனதினால் பந்தயமும் பணக்காரரின் கையிலிருந்து இறங்கி வந்தது. அமெரிக்க பவர் போட் சங்கம் 1903இல் தோன்றியது. அது பெரிய படகு வைத்திருந்த சீமான்களின் காலம். அவுட்போர்டு மோட்டார் வந்த பிறகு, பட்டறைத் தொழிலாளியும் பள்ளி ஆசிரியரும் விவசாயியும் தங்கள் காருக்குப் பின்னால் சிறு படகை இழுத்துக்கொண்டு வாரக்கடைசியில் பந்தயத்துக்கு வரக்கூடியதாயிற்று. இல்லினாய் மாநிலத்தில் டிபியூ என்றொரு சிற்றூர். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத அவ்வூரின் ஏரியில் பல ஆண்டுகள் தேசிய அளவிலான போட்டி நடைபெற்றிருக்கிறது. இவர்கள் இதைப் பிழைப்பாய்ச் செய்பவர்கள் அல்லர். ஒரு கோப்பையும் கைதட்டலும் கிடைத்தால் அதுவே பரிசு.

"ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்" என்றார் முதியவர். "நாங்கள் வயதாகிப்போகிறோம். புதியவர்கள் வராவிட்டால் ஒருநாள் இந்தப் படகுகள் சுவரில் மாட்டி வைக்கும் அலங்காரம் ஆகிவிடும். அதனால்தான் உங்கள் பேத்தியைக் கேட்கிறேன்." நாம் அவருக்குத் தயவு செய்யும்படி அவர் கேட்டதைக் கண்டு நான் வியந்தேன். நம்முடைய பிள்ளைக்கு அவர் தயவு செய்கிறார் என்றல்லவா அதுவரை எண்ணிக்கொண்டிருந்தோம்!

மே மாதத்துப் பள்ளிக்கூடம்

இந்தச் சங்கத்தைச் சேர்ந்த குழுக்கள், பந்தய காலம் தொடங்குமுன் புதியவர்களுக்கு ஓட்டுநர் பயிற்சி நடத்துவது வழக்கம். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை பேத்தியை அப்படிப்பட்ட பயிற்சிக்கு அழைத்துப் போனோம். நானும் மருமகனும் குறைகண்டுபிடிக்கும் கண்களோடுதான் போனோம்.

காலை முழுவதும் ஒரு பிள்ளையும் தண்ணீரில் இறங்கவில்லை. கொடிகளின் பொருள், மிதவைகளைச் சுற்ற வேண்டிய முறை, ஒருவர் முன்னால் மற்றவர் குறுக்கே வராதிருக்க வேண்டிய விதி, இவைகளையே திரும்பத் திரும்பக் கற்பித்தார்கள். நான் கவனித்தவைகளில் சிலவற்றைச் சொல்லுகிறேன்.

ஒன்பது வயதுமுதல் சிறுவர் சிறுமியருக்கென்று தனி வகுப்பு உண்டு. அந்த வகுப்பின் மோட்டாரில், எரிபொருளும் காற்றும் கலந்து போகும் வழியைக் குறுக்கும் ஒரு தகடு பொருத்தப்படுகிறது. அதனால் எவ்வளவு முடுக்கினாலும் பெரியவர்களின் வேகம் வராது.

வேகத்தைக் கூட்டும் விசை இடக்கையில். சுக்கான் சக்கரம் வலக்கையில். விசையை அழுத்திப் பிடித்திருந்தால்தான் வேகம். பயந்து கையை விட்டால் வில்கம்பி அதைப் பின்னுக்குத் தள்ள, வேகம் தானே தணிந்துவிடும். அன்றியும் ஓட்டுபவர் உடலோடு ஒரு கயிறு பிணைக்கப்படுகிறது. அவர் படகிலிருந்து விழுந்தால் கயிறு இழுபட்டு இயந்திரம் நின்றுபோகும்.

தண்ணீரில் விழுந்தவரின் முகத்தை மேலே திருப்பி மிதக்கவைக்கும் கனத்த லைஃப் ஜாக்கெட், தூரத்திலிருந்தே தெரியும் பளிச்சென்ற நிறத்தில் ஹெல்மெட், நீர் தள்ளும் விசிறி பட்டாலும் எளிதில் வெட்டுப்படாத கெவ்லார் இழை உடை, இவை இல்லாமல் யாரையும் விடுவதில்லை. மீட்புப் படகுகள் தயாராய் நிற்காமல் பந்தயம் தொடங்குவதும் இல்லை.

ஆபத்தே இல்லை என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ஹைட்ரோபிளேன் என்னும் படகின் அடிப்பாகத்தில் முன்புறம் இரண்டு திண்டுகள் உண்டு. வேகம் பிடித்ததும் அந்த இரண்டு திண்டுகளும் பின்னாலுள்ள விசிறியுமே தண்ணீரைத் தொடும். நடுவில் காற்று புகுந்து படகைத் தூக்கும். மூக்கு அளவுக்கு மிஞ்சி எழும்பினால் படகு பின்புறமாய்க் கவிழ்ந்துவிடும். இவ்விளையாட்டில் உயிரிழந்தவர்களும் உண்டு. அந்த முதியவரே அதை மறைக்கவில்லை. "எங்கள் பயம் இந்தச் சட்டங்களில் எழுதப்பட்டிருக்கிறது" என்றார். நான் அதை நெடுநேரம் யோசித்தேன். என் பயம் ஒரே வார்த்தையில் அடங்கியிருந்தது: வேண்டாம். அவர்களுடைய பயமோ கயிறாகவும் தகடாகவும் உடையாகவும் மாறிப் பிள்ளையோடு படகுக்குள் போயிற்று.

மதியத்துக்குப் பின் முதியவர் பேத்தியைத் தம் சொந்தப் படகில் முழங்காற்படியிட வைத்தார். தாம் இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்று பின்பலகையைப் பிடித்துக்கொண்டார். முதலில் லைஃப் ஜாக்கெட்டோடு அவளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பிறகே படகில் ஏற்றினார். "சேதமானால்?" என்று மருமகன் கேட்டார். "செப்பனிடுவோம். அதற்குத்தானே கொட்டகை இருக்கிறது" என்றார் அவர். படகு மெல்லப் போய் ஒரு மிதவையைச் சுற்றித் திரும்பி வந்தது. பேத்தியின் முகத்தை ஹெல்மெட் மறைத்திருந்தது. ஆனால் கரையில் நின்ற என் மகளின் முகத்தை நான் பார்த்தேன். அன்று மாலை மருமகனே, "மாமா, நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்" என்றார்.

சுழியமும் 127ம்

பந்தயம் ஜூலை மாதத்தில், சனியும் ஞாயிறுமாய் இரண்டு நாள். ஞாயிறன்று ஆராதனை; ஆகவே சனிக்கிழமை மாத்திரமே வருவோம் என்று மகள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். யாரும் அதைக் குறித்து முகஞ்சுளிக்கவில்லை.

இந்தப் பந்தயத்தின் தொடக்கம் நம்மூர் ஓட்டப் பந்தயத்தைப் போன்றது அல்ல. கோட்டின்மேல் வரிசையாய் நின்று புறப்படுவதில்லை. கரையில் ஒரு பெரிய கடிகாரம் கடைசி ஒரு நிமிஷத்தைக் காட்டும். படகுகள் ஓடிக்கொண்டே இருந்து, முள் சுழியத்தைத் தொடும் கணத்தில் முழு வேகத்தோடு கோட்டைக் கடக்க வேண்டும். பிந்தினால் பின்தங்குவோம்; ஒரு கணம் முந்தினாலோ அந்த ஓட்டமே செல்லாது. மூன்று சுற்று, இப்படி இரண்டு ஓட்டம். ஓட்டம் முடிந்ததும் படகையும் ஓட்டியவரையும் சேர்த்து எடை போடுகிறார்கள். குறைந்தபட்ச எடை இல்லாவிட்டால் தகுதி போய்விடும் என்பதால் மெலிந்த பிள்ளைகள் ஈயக்கட்டி சுமந்து ஓட்டுகிறார்கள். என் பேத்தியின் படகிலும் ஈயம் இருந்தது.

சிறுவர் வகுப்பில் அன்று ஐந்து படகுகள். புதியவள் என்பதால் மற்றவர்களுக்கு வெளிப்புறமாய் நின்று புறப்படும்படி முதியவர் சொல்லியிருந்தார். முதல் ஓட்டத்தில் அவள் நன்றாய் ஓட்டி மூன்றாவதாய் முடித்தாள். நாங்கள் துள்ளிக் குதித்தோம். அறிவிப்பு வந்தது: கடிகாரத்துக்கு முன்பாகவே கோட்டைக் கடந்துவிட்டாள், செல்லாது. மதிப்பெண் சுழியம்.

கரைக்கு வந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. உள்ளே அழுகிறாள் என்று தோள்களில் தெரிந்தது. "போதும் மக்களே, வீட்டுக்குப் போவோம்" என்ற வார்த்தை என் நாவின் நுனியில் வந்து நின்றது. அதற்குள் அவளை வென்ற மற்ற நான்கு பிள்ளைகளில் பெரியவனான ஒரு பையன் நடந்து வந்தான். பதின்மூன்று வயது இருக்கும். "என் முதல் வருஷத்தில் நான் மூன்று தடவை முந்திவிட்டேன். முள்ளைப் பார்க்காதே, கரையில் அந்தப் பச்சைக் கூடாரம் இருக்கிறதல்லவா, முள் பத்தைக் காட்டும்போது நீ அதற்கு நேராய் இருக்க வேண்டும்" என்று சொல்லிப்போனான். தன்னோடு போட்டியிடுகிறவளுக்குத் தன் இரகசியத்தைக் கொடுத்துவிட்டான்! அவனுடைய தகப்பனோ எங்கள் மோட்டாரில் ஏதோ ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் ஓட்டத்தில் பேத்தி முந்தவில்லை. மிகவும் பிந்தினாள். முதல் மிதவையைச் சுற்றும்போது முன்சென்ற படகுகளின் அலையில் படகு குதித்தது. என் மனைவி கண்களை மூடிக்கொண்டாள். படகு நேராயிற்று. மூன்று சுற்றும் தனியாகவே ஓட்டினாள். முன்னால் போன நால்வரும் முடித்துக் கரையேறத் தொடங்கிய பின்புதான் அவள் கோட்டைக் கடந்தாள். அப்போது எழும்பின கைதட்டல், முதலாவது வந்த பையனுக்குக் கிடைத்ததிலும் அதிகம். படகைப் பிடிக்கும்படி அந்நியர் நால்வர் தண்ணீருக்குள் இறங்கிப் போனார்கள்.

இந்தச் சங்கத்தின் கணக்கில் முதலிடத்துக்கு 400 மதிப்பெண், இரண்டாவதுக்கு 300, மூன்றாவதுக்கு 225, நான்காவதுக்கு 169, ஐந்தாவதுக்கு 127. ஒவ்வொரு இடத்துக்கும் அதற்கு முந்தினதில் முக்கால் பங்கு. கடைசி என்பதினால் ஒன்றுமில்லாமல் போவதில்லை. பேத்தி அந்த 127ஐத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, இரவு சாப்பிடும்போதும் கையைக் கழுவ மாட்டேன் என்றாள்.

மாலையில் படகை வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. நானும் மகளும் தனியே நின்றபோது, "அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் அம்மா. காரணம் சொன்னேனே, அது எதுவும் உண்மை இல்லை. எனக்குப் பயம்" என்றேன். அவள் சற்று நேரம் ஏரியைப் பார்த்தாள். பிறகு, "அந்த முனையைப் பிடியுங்கள் அப்பா, நான் இந்த முனையைத் தூக்குகிறேன்" என்றாள். தூக்கினோம். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படகு நான் நினைத்ததைக் காட்டிலும் இலேசாயிருந்தது.

உங்களிடம் ஒரு வார்த்தை

அன்பான வாசகரே, உங்கள் பிள்ளைகளை நாளைக்கே படகில் ஏற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் தேசத்தில் மும்பைக் கடலிலும், 2018 நவம்பரில் அமராவதிக்கு அருகே கிருஷ்ணா நதியிலும் பெரிய படகுப் பந்தயங்கள் நடந்தபோது, நாம் பெரும்பாலும் கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களே. பார்ப்பதற்கென்று ஒரு பந்தயம் இருக்கலாம். சேருவதற்கென்று ஒன்று வேண்டுமானால், ஒருவர் தம் கொட்டகையைத் திறந்து, தம் படகை இரவல் கொடுத்து, இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டும். அந்தப் பையனுக்கு அன்று கிடைத்திருக்க வேண்டிய விடை இதுவே.

பிழைக்க வந்த ஊரில் நம் பிள்ளைகள் ஒன்றில் சேர வேண்டும் என்று கேட்கும்போது, நமக்கு முதலில் வருவது செலவைப் பற்றிய கணக்கும், யார் என்ன சொல்வார்களோ என்ற எண்ணமும், அதற்கு அடியில் மறைந்திருக்கும் பயமுமே. அந்தப் பயம் பாவமல்ல. நான் செய்த தவறு, அதற்கு வேறு பெயர் சூட்டியது. பயமாயிருந்தால் பயமாயிருக்கிறது என்றே பிள்ளையிடம் சொல்லுங்கள். பிறகு போய் விசாரியுங்கள். கற்பிக்கிறவர் யார், காலை முழுவதும் கரையில் நிறுத்திச் சட்டம் சொல்லிக் கொடுக்கிறாரா, விழுந்தால் தூக்க யார் நிற்கிறார் என்று பாருங்கள். அது சரியில்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, காரணமும் மெய்யானதாயிருக்கும். சரியாயிருந்தால் கையொப்பம் போடுங்கள்.

உங்களில் ஏதாவதொரு தொழிலையோ விளையாட்டையோ முப்பது ஆண்டு பழகினவர்கள் இருப்பீர்கள். புதிதாய் வருகிறவனிடம் "இதெல்லாம் பார்க்கத்தான்" என்று சொல்லாதிருங்கள். அவன் முந்திக்கொண்டு தவறினால், உங்கள் முதல் வருஷத்துத் தவறை அவனுக்குச் சொல்லுங்கள். அவன் கடைசியாய் வரும்போது, வீட்டுக்குப் புறப்பட்டுவிடாமல் கோட்டருகே நின்றிருங்கள்.

என் பேத்தி இரண்டாம் கோடையிலும் ஓட்டினாள். பதின்மூன்று வயதாயிருந்த அந்தப் பையன் மேல்வகுப்புக்குப் போய்விட்டானாம். அந்த ஆண்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி புதிதாய் வந்து, முதல் ஓட்டத்திலேயே கடிகாரத்தை முந்திவிட்டாள். பச்சைக் கூடாரத்தின் இரகசியத்தை அவளுக்குத் தான்தான் சொல்லிக்கொடுத்ததாகப் பேத்தி தொலைபேசியில் என்னிடம் சொன்னாள்.